டிராகன் எத்தனை கட்டம்? (நுகர்வோர் கேள்வி-பதில்)

கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (கட்டம் போட்ட பரப்பில் உருவங்களை வைத்து ஆடும் கற்பனைக் கதை விளையாட்டு) ஆடுவதற்காக, ‘மிகப் பெரிய டிராகன்’ என்று இணையத்தில் விற்ற மினியேச்சரை, அதாவது சிறு பொம்மை உருவத்தை, 1,850 ரூபாய்க்கு வாங்கினேன். வந்தது உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. படம் மாதிரிக்கு மட்டும்தான், திரும்பப் பெற மாட்டோம் என்கிறார்கள். (அஸ்தம்பட்டி)

பதில்: உங்கள் மீது தவறே இல்லை. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லாவிட்டால், அதைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். பலிக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழையுங்கள். அதன் பிறகு சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்பவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்க 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது, பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது.

விற்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த விளையாட்டில் ஓர் அங்குலக் கட்டம் ஐந்து அடியைக் குறிக்கிறது. உயிரினத்தின் அளவு ‘லார்ஜ்’ என்றால் இரண்டுக்கு இரண்டு கட்டம், ‘ஹ்யூஜ்’ என்றால் மூன்றுக்கு மூன்று, ‘கார்கன்டுவன்’ என்றால் குறைந்தது நான்குக்கு நான்கு. அதாவது பேஸின் (உருவம் நிற்கும் அடித்தட்டின்) அகலம் ஏறத்தாழ 50, 75, 100 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஆடுபவருக்குத் தேவையான அளவு இது ஒன்றுதான். இதை விட்டுவிட்டு, இறக்கை நுனியிலிருந்து வால் நுனி வரை அளந்து எழுதுவதும், கணினியில் வரைந்த படத்தை மட்டும் போடுவதும் ஏமாற்று வேலையே. நான் வாங்கிய ராட்சதன் ஒன்றின் ‘15 செ.மீ. உயரத்தில்’ பாதி, அவன் தூக்கிப் பிடித்த ஈட்டி. பேஸின் அளவை மில்லிமீட்டரிலும், அடிக்கோல் பக்கத்தில் வைத்து எடுத்த நிஜப் படத்தையும் கேளுங்கள், தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: ஒரு ஹைட்ரா (பல தலைப் பாம்பு) செய்வதற்காக ரெசின் பிரிண்டர் (திரவ ரெசினை இறுக்கி உருவங்களை அச்சிடும் கருவி) வாங்கிவிட்டேன். படுக்கையறையில் வைக்கலாமா? (ஃபேர்லேண்ட்ஸ்)

பதில்: கூடாது. இறுகாத ரெசின் தோலில் பட்டால் ஒவ்வாமை வரும். அதன் ஆவியும் நல்லதல்ல. நைட்ரைல் கையுறையும் காற்றோட்டமான தனி இடமும் இல்லாவிட்டால் பெட்டியைப் பிரிக்க வேண்டாம். இதையெல்லாம் பணம் கட்டுவதற்கு முன்பு விசாரித்திருக்க வேண்டும். ஒரே ஒரு உருவம் போதுமென்றால், அச்சிட்டுத் தருபவரிடம் கோப்பைக் கொடுத்திருக்கலாமே.

கேள்வி: கடையில் ரெசினில் அச்சிட்டு வாங்கிய ஓகர் (ஓர் அரக்கன் உருவம்), சில மாதங்களில் வெடித்துப் பிசுபிசுவென்று ஒழுகுகிறது. நான் கீழே போட்டிருப்பேன் என்கிறார் கடைக்காரர். (செவ்வாய்ப்பேட்டை)

பதில்: கீழே விழுந்தது உடையும், ஒழுகாது. உள்ளே வெற்றிடம் விட்டு அச்சிட்டவர், வடிகால் துளை விடாமலோ உட்புறத்தைச் சரியாகக் கழுவி இறுக்காமலோ கொடுத்திருக்கிறார். கையுறை போட்டு எடுத்து, ஒழுகும் இடத்தைப் படம் பிடித்து, ரசீதின் நகலுடன் எழுத்தில் பணத்தைக் கேளுங்கள். புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

கேள்வி: மகனுக்கு நான்குக்கு நான்கு கட்ட அளவில் ஒரு மிருகம் வேண்டுமாம். என்னால் 300 ரூபாய்தான் செலவழிக்க முடியும். (சூரமங்கலம்)

பதில்: தாராளமாகப் போதும். 1974இல் வெளிவந்த இந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகேக்ஸ், மலிவுக் கடையில் வாங்கிய ஹாங்காங் பிளாஸ்டிக் பொம்மைகளைத்தான் மேசையில் வைத்தார். விளையாட்டில் வரும் ரஸ்ட் மான்ஸ்டர், புலெட் என்ற மிருகங்கள் அவற்றிலிருந்து பிறந்தவை. கடைவீதியில் ஒரு டைனோசர் வாங்கி, சோப்பு நீரில் கழுவி, ஓரத்தில் துருத்தும் தையல் கோட்டைப் பிளேடால் சீவுங்கள். எம்-சீலைத் தட்டையாக்கி முதுகில் ஒட்டி, இறுகுவதற்குள் பழைய வெள்ளிக் கொலுசைத் தண்ணீரில் நனைத்து அழுத்தி எடுத்தால், கண்ணிகளின் தடம் செதில் வரிசையாக விழும். ரப்பர் போன்ற மென்மையான பொம்மையில் ஸ்ப்ரே பெயின்ட் காயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கலாம் என்பதால், அக்ரிலிக் வண்ணத்தைத் தூரிகையால் பூசுங்கள். தெர்மோகோலில் செய்வதானால் ஸ்ப்ரே அதைக் கரைத்துவிடும். முதலில் ஃபெவிகால் பூசிக் காயவிட வேண்டும்.

கேள்வி: ஸ்ப்ரே பிரைமர் (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்தால் பொடிப்பொடியாகப் படிகிறது. டப்பா போலியா? (ஏற்காடு, ஒண்டிக்கடை)

பதில்: மூடுபனியில் அடித்தால் எந்த டப்பாவும் அப்படித்தான் படியும். வெயில் வந்த பிறகு ஒரு அட்டையில் அடித்துப் பாருங்கள். அப்போதும் பொடிந்தால் கடைக்காரரிடம் போங்கள்.