படத்தில் இல்லாத குளிர் – கடிதம்

அன்புள்ள சார்,

சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். வங்கி வேலை. கல்லூரி நாட்களில் அப்பாவின் யாஷிகா கேமராவில் நிறையப் படம் எடுத்தவள். கல்யாணம், குழந்தை, இடமாற்றம் என்று எல்லாம் நின்றுபோய் இருபது வருடம் ஆகிறது. மகள் படிக்கக் கோவைக்குப் போனதும் ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கணவரோடு ஏற்காடு போய் எடுக்கிறேன்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் கைதட்டும் பொம்மைகள் வருகின்றன. கணவர் "நல்லாத்தான இருக்கு" என்கிறார். விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். "மூன்றில் ஒரு பங்கு விதி தெரியுமா? முதல்ல இந்த லென்ஸை மாத்துங்க" என்றார். அதன்பிறகு இரண்டு வாரம் கேமராவைத் தொடவே பிடிக்கவில்லை. உருப்படியான கருத்தை யாரிடம், எப்படிக் கேட்பது? 42 படங்களை இணைத்திருக்கிறேன். நான் வெறும் அமெச்சூர்தான், பிழைகளை மன்னிக்கவும்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. படங்களைப் பற்றி யார் கேட்டாலும் நான் பதில் சொல்வதில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு, பிறகு வருகிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். 42 படம் அனுப்புவதற்குப் பெயர் கருத்துக் கேட்பது இல்லை. கல்யாண ஆல்பத்தை விருந்தாளி மடியில் வைப்பது. விருந்தாளி என்ன செய்வார்? கடகடவென்று புரட்டிவிட்டு "நல்லா வந்திருக்கு" என்பார், காப்பிக்காக அடுப்படிப் பக்கம் பார்ப்பார். உங்கள் கணவரும் அதைத்தான் செய்கிறார். அவரைக் குறை சொல்லாதீர்கள், விடுமுறை நாளில் விடியுமுன் எழுந்து இருபது கொண்டை ஊசி வளைவு வண்டி ஓட்டுகிற மனிதர். ஆறு படம் பொறுக்குவது உங்கள் வேலை. மிச்சம் முப்பத்தாறை ஏன் தள்ளுகிறோம் என்று யோசிக்கும்போதே நீங்கள் தேடுகிற கருத்தில் பாதி கிடைத்துவிடும்.

லென்ஸ் மாற்ற வேண்டாம். படத்தை மூன்று மூன்றாகப் பிரித்து, கோடுகள் வெட்டும் இடத்தில் முக்கியமானதை வை என்கிற அந்த மூன்றில் ஒரு பங்கு விதி, கோலத்துக்குப் புள்ளி வைப்பது மாதிரி, வைத்ததனால் மட்டும் கோலம் வந்துவிடாது. அதை விடுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது வேறொன்றில். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். "அன்று சரியான குளிர், விரல் விறைத்துவிட்டது." "இதற்காகப் பகோடா பாயிண்டில் ஒரு மணி நேரம் காத்திருந்தோம்." "வெளிச்சம் இருந்திருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்கும்." நான் படத்தைப் பார்ப்பதா, உங்கள் குறிப்பைப் படிப்பதா? எனக்குச் சொல்லவேண்டியதை முன்கூட்டியே சொல்லி, கூடவே மன்னிப்பும் கேட்டு, என் வாயை அடைத்துவிட்டு, அப்புறம் கருத்துச் சொல்லுங்கள் என்கிறீர்கள்.

நானும் இதைச் செய்தவன்தான். 1991. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைச் சந்து ஒன்றின் முனையில் ஒரு ஸ்டுடியோ இருந்தது. அதை நடத்தியவரை நாங்கள் மாஸ்டர் என்போம். பாஸ்போர்ட் படமும் கல்யாணமும்தான் அவர் பிழைப்பு. நெகட்டிவில் பென்சிலால் டச்சப் செய்து அம்மைத் தழும்பை இல்லாமல் ஆக்குவார். கலை என்ற சொல்லை அவர் வாயில் கேட்டதில்லை. சாயங்காலம் டார்க் ரூமைப் பெருக்கிக் கொடுத்தால் ஃபிலிம் ரோல் கழுவிக்கொள்ள விடுவார். படம் கழுவும் அந்த ஹைப்போ மருந்தின் நெடி சட்டையில் மூன்று நாள் இருக்கும்.

உறவினர் ஒருவரின் பென்டாக்ஸ் கே1000 கேமராவை இரவல் வாங்கி, ஒரு கறுப்பு வெள்ளை ரோல் போட்டுக்கொண்டு ஏற்காடு போனேன். வழியில் பஸ் நின்றுபோனது. கடைசி நான்கு வளைவுகளை நடந்தே ஏறி, லேடீஸ் சீட் என்கிற காட்சிமுனையில் நின்று பனியை எடுத்தேன். பிரிண்ட் போட்டு மாஸ்டரிடம் நீட்டிவிட்டு ஆரம்பித்தேன். "காலைல ஆறு மணி மாஸ்டர். கீழ மொத்த ஊரும் பனிக்குள்ள. அதுக்குள்ள எங்கயோ மேக்னசைட் சுரங்கம், வெள்ளை மேல வெள்ளை..."

அவர் டீயைக் குடித்துக்கொண்டே முழுதும் கேட்டார். படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். "பனி எங்கடா?" என்றார்.

காட்டினேன்.

"இது சாம்பல். பனி இல்ல. நீ நடந்ததும் இதுல இல்ல, குளிரும் இல்ல. ஊசி நடுவுல நின்னாப் போதும்னு அமுக்கிட்டியா?"

ஆமாம், அப்படித்தான் அமுக்கியிருந்தேன். கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு வெள்ளை கறுப்பு எதுவும் தெரியாது, எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக ஆக்கத்தான் கணக்குப் போடும் என்று அன்றைக்குத்தான் கற்றேன். வெள்ளை மேக்னசைட் கல்லைக் காட்டினாலும் சாம்பல், பட்டறைக் கரியைக் காட்டினாலும் சாம்பல். பனியைப் பனியாக எடுக்க வேண்டுமென்றால் மீட்டர் சொல்வதற்கு மேல் ஒரு ஸ்டாப்பாவது, அதாவது இரண்டு மடங்காவது, வெளிச்சம் கொடுக்க வேண்டும். உங்கள் 11, 12, 19-வது படங்கள் மூன்றுக்கும் இதே வியாதி. அது வெளிச்சக் குறைவு இல்லை. உங்கள் கேமராவில் பிளஸ் மைனஸ் போட்ட ஒரு பொத்தான் இருக்கும். அடுத்த முறை பிளஸ் ஒன்றில் வைத்து எடுத்துப் பாருங்கள்.

மாஸ்டர் அதோடு விடவில்லை. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் 'ட'னா மாதிரி இரண்டு துண்டு வெட்டி வைத்திருப்பார். அவற்றைப் படத்தின் மேல் வைத்து, சட்டம் போல நகர்த்தி நகர்த்திக் குறுக்கிக்கொண்டே வந்தார். என் படம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. "இவ்வளவுதான் நீ பாத்தது. மிச்சமெல்லாம் கூட வந்தது" என்றார். அப்போது டீ கிளாஸ் எடுக்க வந்த பையனைக் கூப்பிட்டு, அட்டையை எடுத்துவிட்டு முழுப்படத்தைக் காட்டினார். "முதல்ல கண்ணு எங்கடா போச்சு?"

பையன் யோசிக்கவே இல்லை. "அந்த ஆளு வாந்தி எடுக்கறாருண்ணே."

வலது ஓரத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் குனிந்து நின்றுகொண்டிருந்தார். இருபது வளைவும் அவருக்கு வேலை செய்திருக்கிறது. நான் அவரை எடுக்கும்போதும் பார்க்கவில்லை, பிரிண்ட் போடும்போதும் பார்க்கவில்லை. என் கண் முழுக்க நான் நடந்து ஏறிய நடைதான் இருந்தது. மாஸ்டர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

உங்கள் கேள்வி யாரிடம் கேட்பது என்பது, இல்லையா? அந்தப் பையனிடம்தான். மேக்ஸி சைஸில் ஆறு பிரிண்ட் போடுங்கள், பெரிய செலவில்லை. வங்கிக்கு வரும் கடைநிலை ஊழியரிடம், எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொடுங்கள். எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள், அதற்கு நம் ஊரில் ஒரே பதில்தான் உண்டு. முதலில் கண் எங்கே போனது, அங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லும்வரை நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் கஷ்டம். குறிப்பு எழுதும் ஆளுக்கு இன்னும் கஷ்டம்.

கேரி வினோகிராண்ட் என்று நியூயார்க் தெருக்களை எடுத்த ஒரு அமெரிக்கர். எடுத்த ரோலை உடனே கழுவமாட்டார், ஒரு வருடம், சில சமயம் அதற்கு மேலும் போட்டு வைப்பார். எடுத்த அன்றைய மனநிலை மறந்துபோனால்தான் படத்தைப் படமாகப் பார்க்க முடியும் என்பது அவர் கணக்கு. 1984-ல் அவர் இறந்தபோது கழுவப்படாத ரோல் மட்டும் சுமார் 2500 கிடந்தது. அந்த அளவுக்கு வேண்டாம். ஆனால் உங்களிடம் அவரிடம் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. யாஷிகாவில் எடுத்தவற்றை இருபது வருடமாக ஊறப்போட்டிருக்கிறீர்கள். பரணிலிருந்து இறக்கிப் பாருங்கள். பாதியை ஏன் எடுத்தோம் என்றே நினைவிருக்காது. அதுதான் வேண்டும்.

சரி, நான் ஏன் கருத்துச் சொல்வதில்லை என்ற விஷயம். விஷயம் தெரிந்தவன் என்று எனக்கும் ஒரு பெயர் இருந்த காலத்தில், ஒரு நண்பன் தன் ஏற்காட்டுப் படங்களைக் கொண்டுவந்தான். ஐந்தாறு பேர் சுற்றி இருந்தோம். "இதுக்குப் பதிலா கடையில போஸ்ட் கார்டு வாங்கியிருந்தா அஞ்சு ரூபாயில முடிஞ்சிருக்குமே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். இரண்டு மாதம் முன்பு அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். பீரோவில் துணிகளுக்கு நடுவே அந்தக் கேமரா. லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரிப் பூசணம் படர்ந்திருந்தது. "அதெல்லாம் அப்பவே விட்டாச்சுப்பா" என்றான். ஏன் என்று நான் கேட்கவில்லை. பூசணத்துக்கு நான் காரணம் இல்லாமலும் இருக்கலாம். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கத் தைரியம் வரவில்லை.

உங்களிடம் லென்ஸை மாற்றச் சொன்னவரும் கெட்டவராக இருக்கமாட்டார். அன்றைய என்னைப் போல ஒருவர், அவ்வளவுதான். கேமராவைத் தொடாமல் இருந்த அந்த இரண்டு வாரம் மட்டும் வேண்டாம். ஏற்காட்டு ஈரம் பையிலேயே இருந்தால் பூசணத்துக்கு விருந்து. வந்ததும் வெளியே எடுத்து உலரவிடுங்கள்.

27-வது படத்துக்குக் குறிப்பு எழுத மறந்துவிட்டீர்கள் போல. முதலில் என் கண் கீழே இடது மூலையில் கிடக்கும் நீல பிளாஸ்டிக் மூடிக்குப் போனது. அப்புறம் கவிழ்த்த வாளி, அதன் மேல் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மா, பின்னால் சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக் கொடி, திரும்பவும் அவர் கை. உள்ளங்கையில் எதையோ எண்ணுகிறார். காப்பிப் பழமா, மாத்திரையா, சில்லறையா? ஒன்பது நாளில் நாலைந்து முறை திறந்து பார்த்துவிட்டேன், தெரியவில்லை. தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.