கோட்டைக்குள் ஒரு போட்டி: கற்பனை உலக ரியாலிட்டி ஷோக்கள், கேள்வி பதில்

போட்டி இருக்கும், எலிமினேஷன் இருக்கும், அழுகை இருக்கும். ஆனால் எல்லாம் நடப்பது அரசியும் மந்திரவாதியும் அரக்கனும் உலவுகிற ஒரு ராஜ்யத்தில். இந்த வகை நிகழ்ச்சிகளை விடாமல் பார்ப்பவள், அவற்றை எப்படி எடுத்தார்கள் என்று தோண்டித் தோண்டிப் படிப்பவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

'தி குவெஸ்ட்' என்று ஒன்று வந்ததாமே? இந்த வகையில் அதுதான் முதலா?

பெரியவர்களை வைத்து, பெரிய அமெரிக்கச் சேனல் ஒன்றில், முதல் எபிசோடிலிருந்து கடைசி வரை ஒரே கதையாகப் போன நிகழ்ச்சி என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். 2014 ஜூலை 31 அன்று ஏபிசியில் தொடங்கியது, மொத்தம் 10 எபிசோடு. 12 போட்டியாளர்கள், எல்லோருக்கும் 'பாலடின்' என்று பட்டம். உலகத்தின் பெயர் எவரெல்ம், அதை அழிக்க வருபவன் வெர்லாக்ஸ். கடைசியில் மிஞ்சும் ஒருவர்தான் ராஜ்யத்தைக் காக்கப் போகிற உண்மையான நாயகர்.

இதன் தயாரிப்பாளர்கள் பட்டியலே சுவாரசியமானது. 'தி அமேசிங் ரேஸ்' என்ற போட்டி நிகழ்ச்சியை உருவாக்கிய பெர்ட்ராம் வான் மன்ஸ்டரும் எலிஸ் டோகனியேரியும் ஒரு பக்கம். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களின் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவரான மார்க் ஒர்டெஸ்கி இன்னொரு பக்கம். ஒரு சாராருக்கு ஓட்டப் பந்தயம் நடத்தத் தெரியும், இன்னொரு சாராருக்கு ராஜ்யம் கட்டத் தெரியும். நிகழ்ச்சியைப் பார்த்தால் எந்தக் காட்சி யார் கை என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

ஆனால் வேர் இன்னும் பழையது. பிரிட்டனில் 'நைட்மேர்' 1987-லேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் நிக்கலோடியன் சேனல் 1993-இல் 'லெஜண்ட்ஸ் ஆஃப் தி ஹிடன் டெம்பிள்' தொடங்கியது. அதில் பேசும் கல் தலை ஒன்று பிள்ளைகளைக் கோயிலுக்குள் அனுப்பும். 2002-இல் பிபிசியின் குழந்தைகள் சேனலில் 'ரேவன்'. குழந்தைகள் டிவி இதையெல்லாம் எப்போதோ செய்துவிட்டது. பெரியவர்கள் டிவிக்குத்தான் கூச்சம் விட நாளாயிற்று.

அக்கா, ஒரு நேரடிக் கேள்வி. முப்பது வயது ஆள் ரப்பர் முகமூடி போட்டவனைப் பார்த்து அரக்கன் என்று நடுங்குகிறார். இதை நம்பச் சொல்கிறீர்களா?

அவர் நம்பவில்லை, நீங்களும் நம்ப வேண்டாம். அவர் நம்பத் தயாராக இருக்கிறார், அவ்வளவுதான். லார்ப் என்று ஒரு விளையாட்டு உண்டு. வேடம் போட்டு, ஒரு பாத்திரத்தின் பெயரில், காட்டிலோ கோட்டையிலோ நாள் கணக்கில் வாழ்ந்து விளையாடுவது. அதில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: முகமூடி ரப்பர்தான், ஆனால் இருட்டில் கத்தியோடு ஓடி வரும்போது நெஞ்சு அடித்துக்கொள்வது பொய்யில்லை.

'தி குவெஸ்ட்' இதைப் புரிந்துகொண்டுதான் வேலை செய்தது. அரசியாக வந்தவர், படைப்பயிற்சி கொடுத்த சர் ஆன்ஸ்கர் எல்லோரும் நடிகர்கள். போட்டியாளர்கள் எதிரே இருக்கும்வரை பாத்திரத்தை விட்டு வெளியே வருவதில்லை. போட்டியாளர் சொந்தப் பெயரில், சொந்தக் குணத்தோடு இருக்கிறார். எதிரில் இருப்பவர் மட்டும் எழுதி வைத்த ஆள். அதனால் உரையாடலை முழுதாக மனப்பாடம் செய்து வைத்துப் பயனில்லை. போட்டியாளர் எதையாவது கேட்டால், ராஜ்யத்துக்குள் இருந்தபடியே உடனே பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இந்த வகை நிகழ்ச்சிகளில் எனக்கு மிகப் பெரிய மரியாதை இந்த நடிகர்கள் மேல்தான்.

எங்கே சிரிப்பு வருகிறது தெரியுமா? அரக்கன் வரும்போது அல்ல. அரசி கண்ணீரோடு ராஜ்யத்தின் கதியைச் சொல்லி முடிக்கிறாள். அடுத்த ஷாட்டிலேயே போட்டியாளர் தனியாக உட்கார்ந்து, "இந்த வாரம் நான் வெளியே போய்விடுவேனோ" என்று கேமராவிடம் புலம்புகிறார். முகமூடி உடைக்காத மாயையை அந்தப் புலம்பல் உடைத்துவிடும். என் வாதம் இதுதான்: கற்பனை உலகத்தைக் கெடுப்பது மலிவான செட் இல்லை, கதைக்கு வெளியே நிற்கும் போட்டி விதிகள்.

அந்தக் கோட்டை நிஜமா, செட்டா?

நிஜம்தான், ஆனால் அதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. படப்பிடிப்பு நடந்தது ஆஸ்திரியாவில், வியன்னாவுக்கு வடக்கே இருக்கும் கிரொய்ட்சன்ஸ்டைன் கோட்டையில். பழைய கோட்டையை 1645-இல், முப்பதாண்டுப் போரின் போது, ஸ்வீடன் படை தகர்த்துவிட்டது. வெகுகாலம் இடிபாடாகவே கிடந்தது. 1874-இல் வில்செக் பிரபு அதைத் திரும்பக் கட்டத் தொடங்கினார். எப்படி? ஐரோப்பா முழுக்கப் பழைய கட்டடங்களிலிருந்து கதவு, ஜன்னல், கூரை, வளைவு என்று விலைக்கு வாங்கிவந்து ஒட்டுப்போட்டு. வேலை 1900-களின் தொடக்கத்தில்தான் முடிந்தது. ஆக, நாம் பார்ப்பது ஒரு பணக்காரர் தன் மனதில் இருந்த இடைக்காலத்தை நிஜக் கற்களால் கட்டியது. கற்பனை ராஜ்யத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

எல்லாமே ஸ்கிரிப்ட்தானே? ஜெயிப்பது யார் என்று முன்பே முடிவு செய்திருப்பார்கள்.

இரண்டையும் பிரித்துப் பாருங்கள். கதை எழுதப்பட்டது, அதை யாரும் மறைக்கவில்லை. வெர்லாக்ஸ் எப்போது வருவான், துரோகி யார், எந்த எபிசோடில் என்ன அதிர்ச்சி, எல்லாம் முன்கூட்டியே தயார். ஜெயிப்பவரைத் தீர்மானிப்பது வேறு சங்கதி. 1950-களில் அமெரிக்க டிவி வினாடி வினா நிகழ்ச்சிகளில் முன்கூட்டியே பதில் கொடுத்து ஆளை ஜெயிக்க வைத்தது அம்பலமாகிப் பெரிய ஊழலாக வெடித்தது. அதன் பிறகு 1960-இல் ஒரு சட்டம் வந்தது: அறிவையோ திறமையையோ அதிர்ஷ்டத்தையோ சோதிக்கும் போட்டியாகக் காட்டிவிட்டு, பார்வையாளரை ஏமாற்றும் நோக்கத்தோடு முடிவை ரகசியமாக மாற்றுவது குற்றம். அதனால் அங்கே பெரிய சேனல்கள் இந்த விஷயத்தில் ஜாக்கிரதையாகவே இருக்கும்.

அதற்காக ஒட்டுமொத்தமாக நம்பிவிடவும் வேண்டாம். எந்தச் சவாலை எப்போது வைப்பது என்பது தயாரிப்பாளர் கையில். வில்லில் கெட்டிக்காரர் ஒருவரை வைத்துக்கொள்ள ஆசை வந்தால் ஏமாற்றவே வேண்டாம், அம்பு விடும் சவாலை முன்னால் கொண்டுவந்தால் போதும். எடிட்டிங் இன்னொரு ஆயுதம். வேறு வேறு இடத்தில் பேசிய துண்டுகளை ஒட்டி, அவர் சொல்லாத வாக்கியத்தையே உருவாக்கலாம். அதற்கு அந்தத் தொழிலில் 'ஃபிராங்கன்பைட்' என்று பெயரே உண்டு. ஒருவர் பேசும்போது சட்டென்று வேறு முகத்துக்கு ஷாட் மாறி, குரல் மட்டும் தொடர்ந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

யார் ஜெயிப்பார் என்று தெரியாமல் கதை எப்படி எழுதுவார்கள்?

ஆளுக்கு எழுத மாட்டார்கள், இடத்துக்கு எழுதுவார்கள். "உங்களில் ஒருவர்" என்று தீர்க்கதரிசனம் சொன்னால் 12 பேரில் யார் வந்தாலும் பொருந்தும். பழைய கதைகளில் இருக்கும் இந்த உத்தி தொலைக்காட்சிக்குக் கிடைத்த வரம். 'தி குவெஸ்ட்'டில் விதிதேவதைகள் என்று மூன்று பெண்கள் வருவார்கள். பின்தங்கியவர்களுக்கு அவர்கள் முன்னால் இன்னொரு சோதனை நடக்கும். அதன் பிறகும் யார் தங்குவது என்று முடிவாகாவிட்டால், மற்ற பாலடின்கள் தாங்கள் காப்பாற்ற நினைப்பவர் பின்னால் போய் நிற்க வேண்டும். இதுவும் எலிமினேஷன் ஓட்டுதான், சீட்டில் எழுதாமல் உடம்பால் போடும் ஓட்டு. சடங்கு மாதிரி இருப்பதால் உறுத்தாது. அந்தத் தேவதைகள், தொகுப்பாளர் வேலையை அங்கி போட்டுக்கொண்டு செய்கிறார்கள். நல்ல யோசனை.

பரிசுப் பணம் எவ்வளவு?

2014 சீசனில் பணப் பரிசே இல்லை. ஜெயித்தவருக்கு நாயகர் பட்டம் மட்டும்.

பலருக்கு இது ஏமாற்றம், எனக்கு இது சரியான முடிவு. லட்சக்கணக்கில் டாலர் தொங்கும்போது யாரும் ராஜ்யத்தைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள். எதிர்ப்பக்க உதாரணம் 2023-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'ஸ்க்விட் கேம்: தி சேலஞ்ச்'. 456 பேர், 45.6 லட்சம் டாலர். 'ஸ்க்விட் கேம்' என்ற கொரியத் தொடரின் செட்டை அப்படியே கட்டினார்கள். பச்சை உடுப்பு, பெரிய பொம்மை எல்லாம் உண்டு. ஆனால் அங்கே பணம்தான் கதை என்பதால் பணம் கதையைக் கெடுக்கவில்லை. எவரெல்மில் அதே தொகையை வைத்திருந்தால் இரண்டாவது எபிசோடிலேயே கூட்டணிக் கணக்கு தொடங்கியிருக்கும்.

'நைட்மேர்' பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன். அதில் பையன் ஏன் கண் தெரியாத தலைக்கவசம் போட்டுக்கொண்டு நடக்கிறான்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். டிம் சைல்ட் உருவாக்கி, ஆங்கிலியா டெலிவிஷன் ஐடிவிக்காகத் தயாரித்தது. 1987 முதல் 1994 வரை 8 சீசன். நான்கு பிள்ளைகள் ஓர் அணி. ஒருவர் பாதாளக் கோட்டைக்குள் போவார். மற்ற மூவர், ட்ரெகார்ட் என்ற கோட்டைத் தலைவனோடு உட்கார்ந்து திரையைப் பார்த்து, "இடது பக்கம் திரும்பு, இரண்டு அடி முன்னால் வா, நில்!" என்று வழி சொல்வார்கள். ட்ரெகார்டாக எட்டு சீசனும் நடித்தவர் ஹியூகோ மயாட்.

கோட்டை என்று ஒன்று அங்கே கிடையாது. அந்தப் பிள்ளை நடப்பது வெறும் நீல நிற அறையில். டேவிட் ரோ ஏர்பிரஷ்ஷால் வரைந்த குகைகளையும் மண்டபங்களையும் நீலத்துக்குப் பதிலாகத் திரையில் சேர்த்துவிடுவார்கள். இப்போது யோசியுங்கள். உள்ளே போகிற பிள்ளைக்குக் கண் தெரிந்தால் என்ன தெரியும்? நீலச் சுவர். மாயை அங்கேயே முடிந்தது. அதற்குத்தான் அந்தக் கவசம். காலடி மட்டும் கொஞ்சம் தெரியும், முன்னால் எதுவும் தெரியாது. ஒரு தொழில்நுட்பக் குறையை மறைக்க வந்த கவசம், விளையாட்டின் உயிராகவே ஆகிவிட்டது. பார்க்கிறவன் போக முடியாது, போகிறவன் பார்க்க முடியாது. நண்பர்கள் பதற்றத்தில் இடதையும் வலதையும் மாற்றிச் சொன்னால் பிள்ளை பள்ளத்தில் விழும். விதியும் கதையும் கருவியும் ஒன்றாகச் சேர்ந்த இடம் என்றால் இதுதான். 'தி குவெஸ்ட்' செய்த செலவில் ஒரு துளிகூட இதற்கு ஆகியிருக்காது. ஆனால் வடிவமைப்பில் இதன் பக்கத்தில் அது வர முடியாது.

கருணையும் கிடையாது. எட்டு சீசனிலும் சேர்த்து ஜெயித்தவை எட்டே அணிகள். எபிசோடு முடியும் நேரத்தில் ஆட்டம் பாதியில் இருந்தால் அப்படியே உறைந்து அடுத்த வாரம் தொடரும். சீசன் முடியும்போது பாதியில் இருந்தால் போச்சு, கோட்டையே கலைந்துவிடும். குழந்தைகள் நிகழ்ச்சிதானே என்று யாரையும் தட்டிக்கொடுத்து ஜெயிக்க வைக்கவில்லை.

'தி டிரெய்ட்டர்ஸ்' இந்த வகையில் சேருமா?

ஒன்றுவிட்ட சொந்தம். போட்டியாளர்களில் சிலர் ரகசியத் துரோகிகள், மற்றவர்கள் அவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும். மூலம் 2021-இல் வந்த நெதர்லாந்து நிகழ்ச்சி. பிரிட்டிஷ், அமெரிக்கப் பதிப்புகள் ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராஸ் கோட்டையில் எடுக்கப்பட்டவை. அங்கி, விளக்கு, நள்ளிரவுக் 'கொலை' எல்லாம் உண்டு, மாயாஜாலம் இல்லை. ஆனால் ஒன்றைச் சரியாகப் பிடித்தார்கள்: துரோகிகள் செய்யும் எலிமினேஷனுக்கே கொலை என்று பெயர் வைத்துவிட்டதால், ஆள் வெளியே போவதும் கதைக்குள் நடக்கும் சம்பவமாகிவிடுகிறது.

இவ்வளவு நன்றாக இருந்தால் 'தி குவெஸ்ட்' ஏன் ஓடவில்லை?

ஏபிசி ஒரு சீசனோடு நிறுத்திக்கொண்டது. பார்வையாளர் எண்ணிக்கை போதவில்லை. என் கணிப்பு: போட்டி பார்க்க வந்தவர்களுக்கு அரசியின் வசனம் நீளம், கதை பார்க்க வந்தவர்களுக்குச் சவால்கள் நீளம். பார்த்த கொஞ்சம் பேர் மட்டும் உயிராகப் பார்த்தார்கள். 2022 மே மாதம் டிஸ்னி பிளஸ்ஸில் அதே எவரெல்ம் திரும்பி வந்தது, இந்த முறை 8 பதின்ம வயதினரோடு. வயதைக் குறைத்ததும் பாதிக் கூச்சம் போய்விட்டது. பதினைந்து வயதுப் பெண் மந்திரக்காரியை நேருக்கு நேர் பார்த்து முறைக்கும்போது யாரும் சிரிக்க மாட்டோம்.

பிள்ளைகளுக்காக விடுமுறையில் இப்படி ஒரு சின்ன விளையாட்டு நடத்த ஆசை. எதில் தொடங்குவது சார்?

சார் இல்லை, பரவாயில்லை. உடை, வாள், வரைபடம் எல்லாம் அப்புறம். தோற்கிற பிள்ளைக்கு என்ன நடக்கும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். "நீ அவுட், போய் உட்கார்" என்றால் அந்தப் பிள்ளைக்கு ராஜ்யம் அங்கேயே முடிந்தது, அரை மணியில் நாலு பேர் ஓரமாக உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தோற்றவரை எதிரிப் படையில் சேருங்கள், அல்லது பேய் ஆக்கிப் பொய்யும் மெய்யும் கலந்து வழி சொல்ல விடுங்கள். அடுத்தது, ஒரு பெரியவர் கடைசிவரை பாத்திரத்தை விடாமல் இருக்க வேண்டும். அவரிடம் ஒரு பிள்ளை வந்து, "இது அட்டைதானே?" என்று கேட்கும், கட்டாயம் கேட்கும். அதற்குப் பதிலை இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.