எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளி நல்ல பள்ளியா? மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கேளுங்கள்

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். மகளுக்கு வரும் ஜூன் மாதம் 5 வயது முடிகிறது. வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இருக்கிறது. மொத்தம் 43 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். கட்டடம் புதிது, ஸ்மார்ட் வகுப்பறையும் உண்டு. வீட்டில் எல்லோரும் "வாசலுக்கே வேன் வருது, மெட்ரிக்ல போடுவோம்" என்கிறார்கள். எனக்கு உள்ளூர்ப் பள்ளியில் சேர்க்க ஆசை. ஆனால் அது நல்ல பள்ளிதான் என்று எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: கட்டடத்தையும் திரையையும் வைத்து முடிவு செய்யாதீர்கள், அம்மா. அவை வெளியிலிருந்து வந்தவை. உள்ளே இருப்பவர்கள் பிள்ளைகளோடு நாள் முழுக்க என்ன செய்கிறார்கள் என்பதை அவை சொல்லாது. ஒன்றியப் பள்ளிகளில் 30 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து, தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றவள் நான். ஒரு பள்ளியைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் விசாரிக்கலாம் என்றால், மூன்றாம் வகுப்பில் படிப்பில் பின்தங்கி இருக்கும் பிள்ளை வாசிக்கிறதா என்றுதான் விசாரிப்பேன்.

ஏன் மூன்றாம் வகுப்பு? முதல் இரண்டு வருடத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் எல்லாமே படித்துத்தான் புரிந்துகொள்ள வேண்டியவை. அங்கே வாசிப்பு வராத பிள்ளை அடுத்த வகுப்புகளில் சும்மா உட்கார்ந்திருக்கும். முதல் மாணவியை வைத்து எந்தப் பள்ளியையும் எடை போட முடியாது. அவள் எங்கே போட்டாலும் படித்துவிடுவாள். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பிள்ளைக்கு எழுத்தைக் கொண்டுவந்து சேர்த்தது யார் என்று பாருங்கள். அது பள்ளி செய்த வேலை.

இதைத் தெரிந்துகொள்ள நீங்கள் பள்ளிக்குள்கூடப் போக வேண்டாம். உங்கள் தெருவிலேயே அந்தப் பள்ளிப் பிள்ளைகள் இருப்பார்கள். சாயங்காலம் விளையாடி முடித்து வரும்போது நாலைந்து பேரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்கு ஒரு கதை படிச்சுக் காட்டு சாமி" என்று கேளுங்கள். பரீட்சை மாதிரி கேட்டால் பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். நிறையப் பிள்ளைகள் பாடத்தை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். கண் புத்தகத்தில் இருக்கும், வாய் தானாக ஓடும். படத்தைக் கையால் மறைத்துவிட்டு, பக்கத்தின் நடுவில் ஒரு வரியைத் தொட்டு, "இங்கிருந்து படி" என்று சொல்லுங்கள். அப்போதுதான் தெரியும். தடுமாறித் தடுமாறிக் கூட்டிப் படித்தால் பரவாயில்லை, அது நிஜமான வாசிப்பு. படித்ததும், "அப்புறம் அந்த நரி என்ன ஆச்சு?" என்று சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். கணக்குக்கு 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் போதும். கடன் வாங்கிக் கழிப்பது புரிந்திருந்தால், இடமதிப்பும் ஓரளவு புரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

அதே சாயங்காலம், வேனில் போய் வரும் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். அதே பக்கம், அதே கணக்கு. ஆங்கிலப் புத்தகத்திலிருந்தும் இரண்டு வரி படிக்கச் சொல்லி, "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேளுங்கள். எந்தப் பள்ளி உசத்தி என்று நான் முன்கூட்டியே சொல்லப்போவதில்லை. நன்றாகச் சொல்லிக்கொடுக்கும் தனியார் பள்ளிகளும் உண்டு, ஏனோதானோ என்று நடக்கும் அரசுப் பள்ளிகளும் உண்டு. ஆனால் நம் வீடுகளில் அரசுப் பள்ளியை மட்டும் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கிறோம். வேன் வரும் பள்ளியை யாரும் இப்படிச் சோதிப்பதில்லை. கட்டணமும் கொடுத்து, மூன்றாம் வகுப்பில் அர்த்தம் தெரியாமல் ஆங்கிலம் ஒப்பிக்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். பாவம், அவர்களுக்குத் தமிழும் வந்திருக்காது.

பிள்ளைகள் பையை வைத்திருந்தால் நோட்டை வாங்கிப் பாருங்கள். எனக்கு ஒரு பள்ளியைப் பற்றி அதிகம் சொல்லித்தருவது நோட்டுதான். ஒரே வகுப்பில் மூன்று பிள்ளைகளின் நோட்டை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மூன்றிலும் ஒரே வரிகள், ஒரே இடத்தில் ஒரே பிழை என்றால், கரும்பலகையைப் பார்த்து எழுதியது. அழகான கையெழுத்தாக இருக்கும், ஆனால் பிள்ளை யோசித்தது அதில் எதுவும் இருக்காது. தேதிகளைப் பாருங்கள், வாரக்கணக்கில் இடைவெளி விழுந்திருக்கிறதா? தப்பான விடைக்கும் சிவப்பு மையில் 'சரி' விழுந்திருக்கிறதா? அப்படியானால் ஆசிரியர் படித்துப் பார்க்காமல் குறி போட்டிருக்கிறார்.

என்னோடு வேலை பார்த்த ஓர் இடைநிலை ஆசிரியை இருந்தார். இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி நோட்டில் "எங்க ஆடு குட்டி போட்டுச்சு" என்று எழுதியிருந்தாள், 'ட்'டை விட்டுவிட்டு, கோணல் மாணலாக. அந்த ஆசிரியை அதை அடித்துத் திருத்தவில்லை. கீழே, "எத்தனை குட்டி? என்ன நிறம்?" என்று எழுதிவிட்டார். மறுநாள் அந்தப் பெண் அரைப் பக்கம் எழுதி வந்தாள். பிழையெல்லாம் பிறகு மெல்ல மெல்லச் சரியானது. பிள்ளை தானே யோசித்து எழுதிய ஒரு வரியும், அதற்கு ஆசிரியர் எழுதிய ஒரு பதிலும் நீங்கள் புரட்டும் நோட்டில் கிடைத்தால், அந்தப் பள்ளியைத் தைரியமாக நம்பலாம்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன்: 43 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூன்று பேர். ஆக, உங்கள் ஊர்ப் பள்ளியில் விதிப்படி ஆள் குறைவு இல்லை. ஆனால் ஐந்து வகுப்பை இரண்டு பேர் பார்ப்பது லேசான வேலை இல்லை. பெரும்பாலும் ஒருவர் 1, 2, 3ஐயும் இன்னொருவர் 4, 5ஐயும் எடுத்துக்கொள்வார்கள். ஆசிரியர் ஒரு குழுவோடு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மற்றப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதை அவசியம் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு வாசிப்பையும் அடிப்படைக் கணக்கையும் கொண்டுவருவதற்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022 ஜூனில் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது, பிறகு 4, 5க்கும் விரிந்தது. பிள்ளைகளை அவர்கள் எங்கே நிற்கிறார்களோ அதைப் பொறுத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பயிற்சி கொடுக்கச் சொல்கிறது. ஒரே அறையில் பல வகுப்புப் பிள்ளைகளை வைத்திருக்கும் ஆசிரியருக்கு இந்த முறை கைகொடுக்கும், மனம் வைத்துச் செய்தால். பாயில் வட்டமாக உட்கார்ந்து அட்டைகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டு, ஒருவருக்கொருவர் படித்துக் காட்டிக்கொண்டு இருந்தால் அது நடக்கிறது. ஆசிரியர் பக்கத்துக் குழுவுக்குப் போனதும் இவர்கள் சும்மா இருந்தாலோ, "பார்த்து மூணு தடவை எழுது" என்ற வேலை மட்டும் இருந்தாலோ, பாதி நாள் வீண். அங்கே படிக்கும் ஒரு பிள்ளையைக் காட்டி, "இந்தப் பிள்ளை அரும்பா மொட்டா?" என்று ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். கேட்டதும் "இப்போ மொட்டு, கூட்டெழுத்துலதான் திணறுறா" என்று சொல்பவர் பிள்ளையைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்.

அப்புறம், இரண்டு பேரில் ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் வேலைக்கோ விடுப்பிலோ போனால் 43 பிள்ளைகளும் ஒரே ஆளின் பொறுப்பு. "போன மாதம் எத்தனை நாள் ஒரே ஒருத்தர் இருந்தீங்க?" என்று தலைமை ஆசிரியரிடம் மரியாதையாகக் கேளுங்கள். இது அவரைக் குற்றம் சொல்லும் கேள்வி இல்லை. அவரே இதைப் பற்றிப் பேச ஆள் தேடிக்கொண்டிருப்பார்.

பள்ளிக்கு எப்போது போவது? ஆண்டு விழா, சுதந்திர தினம் பார்த்துப் போகாதீர்கள். சாதாரணச் செவ்வாய்க்கிழமை, காலை உணவு நேரத்தில் போங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. கிராமங்களில் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். பல இடங்களில் அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்களே சமைக்கிறார்கள். அவர்களோடு பத்து நிமிடம் பேசுங்கள். எந்த ஆசிரியர் எத்தனை மணிக்கு வருகிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் கை கழுவத் தண்ணீர் வருகிறதா, பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குத் தட்டை எடுத்துக் கொடுக்கிறதா, ஆசிரியர் உள்ளே வந்ததும் பிள்ளைகள் ஓடிப்போய் ஏதோ சொல்கிறார்களா, அல்லது சட்டென்று விறைத்துப் போகிறார்களா என்று பாருங்கள். அடிப்பதும் மனம் நோகப் பேசுவதும் சட்டப்படி தடை. மேசை மேல் பிரம்பு இருந்தாலே எனக்குப் போதும், அந்த வகுப்பில் என் பேத்தியை விட மாட்டேன்.

கழிப்பறையை நேரில் பாருங்கள். கதவில் பூட்டு தொங்குகிறதா, உள்ளே தண்ணீர் வருகிறதா? ஐந்தாம் வகுப்புப் பெண் பிள்ளையிடம், "பள்ளிக்கூடத்துல பாத்ரூம் போவியா, வீட்டுக்கு வந்துதான் போவியா?" என்று கேட்டால் ஒரு நொடியில் உண்மை தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். யார் யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், கூட்டவும் பெருக்கவும் எந்தத் தெருப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள் என்று கவனியுங்கள். முறை வைத்து எல்லாப் பிள்ளைகளும் வகுப்பைச் சுத்தம் செய்தால் நல்ல பழக்கம். குறிப்பிட்ட பிள்ளைகளை மட்டும், அதுவும் கழிப்பறை கழுவ, அனுப்பினால் அது குற்றம். வாசிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தப் பள்ளிக்கு என்னிடம் மதிப்பெண் கிடையாது. உங்கள் மகள் எந்தத் தெருவைச் சேர்ந்தவளாக இருந்தாலும் இது உங்கள் கவலையாக இருக்க வேண்டும். பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417இலும் குழந்தைகள் உதவி எண் 1098இலும் புகார் சொல்லலாம், வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுதியும் கொடுக்கலாம்.

காகிதத்தில் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யுடைஸ் எண் (பள்ளி விவரங்களைத் தொகுக்கும் அரசுப் பதிவில் அந்தப் பள்ளியின் அடையாள எண்) உண்டு, தமிழ்நாட்டில் 33இல் தொடங்கும். அதை வைத்து இணையத்தில் பார்த்தால் பிள்ளைகள், ஆசிரியர்கள், வகுப்பறைகள், கழிப்பறைகளின் எண்ணிக்கை வரும். பள்ளியே நிரப்பிக் கொடுக்கும் விவரம் என்பதால், நேரில் பார்த்ததோடு ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். உங்கள் ஊரில் அந்தக் குழுத் தலைவர் யார் என்று கேட்டுப் போய்ப் பாருங்கள். "கையெழுத்து வாங்கிட்டுப் போவாங்க, அவ்வளவுதான்" என்கிறாரா, "தண்ணித் தொட்டிக்கு நாங்கதான் தீர்மானம் போட்டோம்" என்கிறாரா?

இரண்டு ஆசிரியர் பள்ளியில் அந்த இரண்டு மனிதர்கள்தான் பள்ளி. ஒருவர் மாறுதலில் போனால் எல்லாமே மாறலாம். அவர்கள் வந்து எத்தனை வருடம், மாறுதல் கலந்தாய்வுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். நீங்கள் இப்போது எடுக்கும் முடிவை, மகளைச் சேர்க்கும் முன் ஜூனில் ஒருமுறை சரிபாருங்கள்.

43 பிள்ளைகள் என்றால் வகுப்புக்கு எட்டு ஒன்பது பேர். அது குறைவு என்று பயப்பட வேண்டாம், ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையையும் தெரியும். மொத்தமே பத்துப் பன்னிரண்டு பேர் என்றால்தான் நான் யோசிப்பேன். வயசொத்த தோழி ஒருத்தியாவது வேண்டும் இல்லையா?

"அரசுப் பள்ளியில் படித்தால் டாக்டர் சீட்டுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு, அதனால் இங்கேயே போடு" என்றும் உங்களிடம் யாராவது சொல்வார்கள். அதற்குக் கணக்கில் எடுத்துக்கொள்வது 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததை. கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் பார்க்கிறது. ஆகவே தொடக்கப் பள்ளி முடிவை அதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வேனில் தினமும் போய் வரும் நேரத்தை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்த நேரம் தூக்கமும் விளையாட்டும்.

ஜூலை 31க்குள் 5 வயது முடிந்தால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கலாம், உங்கள் மகளுக்கு வயது சரி. பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் இருந்தால் எடுத்துப் போங்கள். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்க மறுக்கக் கூடாது, நுழைவுத் தேர்வு எதுவும் வைக்கக் கூடாது. தெருப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லும்போது மகளையும் மடியில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எந்த அக்கா படிக்கும்போது அவள் எட்டிப் பார்க்கிறாள் என்பதையும் பாருங்கள்.