ஏதென்ஸ், ஸ்பார்ட்டா, தீப்ஸ்: கேள்வி பதில்

(மூன்றும் பண்டைய கிரேக்க நகர அரசுகள். ஆண்டுகள் எல்லாம் கி.மு.)

கேள்வி: ஸ்பார்ட்டாவுடன் நடந்த பெலோபொனேசியப் போரில் ஏதென்ஸ் தோற்றது கொள்ளைநோயாலா, சிசிலியாலா?

இரண்டும் பெரிய அடிகள். ஆனால் 430இல் வந்த நோயிலிருந்து ஏதென்ஸ் மீண்டது. 413இல் சிசிலிக்குப் போன படை அழிந்த பிறகும் ஒன்பது ஆண்டு தாக்குப்பிடித்தது. அதைச் சாய்த்தது பாரசீகப் பணம் என்பேன். ஒரு போர்க்கப்பலுக்குத் துடுப்பு போட 170 பேர் வேண்டும், அத்தனை பேருக்கும் கூலி. பாரசீக இளவரசர் சைரஸ் கொடுத்த காசில் ஸ்பார்ட்டாவின் லைசாண்டர் தினக்கூலியை மூன்று ஓபல் நாணயத்திலிருந்து நான்காக உயர்த்தினார். 405இல், கருங்கடலுக்குப் போகும் நீரிணையில் உள்ள ஈகோஸ்பொட்டமியில் ஏதென்ஸின் கப்பற்படையைக் கரையிலேயே மடக்கிப் பிடித்தார். கருங்கடலிலிருந்து தானியம் வரும் வழி அடைபட்டது. அடுத்த ஆண்டு ஏதென்ஸ் பட்டினியில் சரணடைந்தது.

கேள்வி: கிரேக்கர்கள் ஏன் சொந்த நாட்டுக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள்?

சொந்த நாடு என்று ஒன்று இல்லை. இருந்தவை நூற்றுக்கணக்கான நகர அரசுகள். இதை மறந்தால் எதுவும் புரியாது.

கேள்வி: 480இல் பாரசீகப் படையைத் தடுத்து தெர்மோபிலேயில் நின்றது ஸ்பார்ட்டாவின் 300 பேர் மட்டும்தானா?

இல்லை. தெஸ்பியா என்ற நகரத்தின் 700 பேரும் கடைசி நாளில் உடன் நின்று மடிந்தார்கள். அவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: வென்ற ஸ்பார்ட்டா ஏன் நிலைக்கவில்லை?

ஆள் இல்லை. 480இல் ஸ்பார்ட்டாவில் முழுக் குடிமக்கள் 8000 பேர் என்கிறார் ஹெரோடோட்டஸ். 371இல் தீப்ஸிடம் தோற்ற லூக்ட்ரா போருக்கு வந்த முழுக் குடிமக்கள் 700 பேர்; அதில் 400 பேர் அங்கேயே விழுந்தார்கள். குடிமக்கள் சேர்ந்து உண்ணும் பொது உணவுக்குத் தன் நிலத்திலிருந்து பங்கு கொடுக்க முடியாதவன் குடியுரிமையை இழப்பான். நிலம் சிலர் கைக்குப் போகப் போக, குடிமக்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

கேள்வி: அலெக்சாண்டர் பற்றி?

அது மாசிடோனியாவின் கதை. அதைப் படித்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஸ்பார்ட்டாவின் வீரம் எங்கே போனது?

வீரம் குறையவில்லை, ஆள்தான் குறைந்தார்கள். இரண்டு பதிலுக்கு மேலே இருக்கிறது, படியுங்கள்.

மறுப்பு: எல்லாம் ஆள்கணக்கு என்றால் தீப்ஸின் தளபதி எபமினோண்டாஸுக்கு என்ன பெருமை? லூக்ட்ராவில் இடப்பக்கத்தில் 50 வரிசை ஆழத்துக்குப் படையை நிறுத்தியது அவர்தானே?

ஆமாம், எதிரே ஸ்பார்ட்டா 12 வரிசைதான். அற்புதமான யோசனை, மறுக்கவில்லை. ஆனால் போர்க்களத்தில் தோற்ற அரசு மறுபடி எழலாம். சிசிலிக்குப் பிறகு ஏதென்ஸ் எழவில்லையா?

மீண்டும் அவரே: அப்படியானால் ஸ்பார்ட்டா மட்டும் ஏன் எழவில்லை?

சரி, இது நல்ல கேள்வி. எபமினோண்டாஸ் செய்த பெரிய காரியம் லூக்ட்ராவுக்குப் பிறகுதான் வருகிறது. அடுத்த ஆண்டுக் குளிர்காலத்தில் ஸ்பார்ட்டாவின் சொந்த மண்ணான லக்கோனியாவுக்குள் புகுந்தார். அப்புறம் ஸ்பார்ட்டா அடக்கி வைத்திருந்த மெஸ்ஸீனியாவை விடுவித்து, அங்கே மெஸ்ஸீன் என்ற நகரத்தையும் எழுப்பினார். தலைமுறை தலைமுறையாக ஸ்பார்ட்டர்களுக்காக உழுத ஹெலட்டுகள் என்ற அடிமைக் குடிகள் அங்கே சுதந்திர மக்கள் ஆனார்கள். ஸ்பார்ட்டர்கள் உழாமல் போர்ப்பயிற்சி மட்டும் செய்ய முடிந்ததே அந்த விளைச்சலால்தான். 362இல் மான்டினியா போரில் எபமினோண்டாஸ் இறந்ததும் தீப்ஸின் கை தளர்ந்தது உண்மை. ஆனாலும் மெஸ்ஸீன் நின்றது. அதை ஏற்க மறுத்து, மற்ற நகரங்கள் செய்துகொண்ட சமாதானத்தில்கூட ஸ்பார்ட்டா சேரவில்லை. மெஸ்ஸீனியா திரும்பக் கிடைக்கவே இல்லை.