காட்டுப் பாதைக்கு எளிய சைக்கிள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எனக்கு வயது 52. வார இறுதிகளில் காட்டுக்குள் செல்லும் மண் பாதைகளில் ஒன்றிரண்டு மணி நேரம் நிதானமாக சைக்கிள் ஓட்ட விரும்புகிறேன். குதிப்பதும் செங்குத்தான சரிவில் பாய்ந்து இறங்குவதும் என் நோக்கமல்ல. கடையில் முன்னும் பின்னும் சஸ்பென்ஷனும் (அதிர்ச்சி தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு) 21 கியரும் உள்ள வண்டியையே காட்டுகிறார்கள். தூக்கினால் கை வலிக்கிறது. எடை குறைந்த, எளிமையான மௌண்டன் பைக்கை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: தூக்கிப் பார்த்தீர்களே, அதுவே சரியான தொடக்கம். பாதையில் விழுந்து கிடக்கும் மரத்தைத் தாண்ட வண்டியைத் தூக்கத்தான் வேண்டும். அப்போது ஒவ்வொரு கிலோவும் தெரியும்.

பின்புற சஸ்பென்ஷனை முதலில் விலக்கிவிடுங்கள். நல்ல தரத்தில் வேண்டுமானால் விலை பலமடங்கு ஏறும். மலிவானதோ, நீங்கள் மிதிக்கும் விசையில் ஒரு பகுதியை ஸ்பிரிங்கை அமுக்குவதிலேயே கரைத்துவிட்டு, நாளடைவில் இணைப்புகள் தளர்ந்து ஆடத் தொடங்கும். முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் கவையான ஃபோர்க்கில் ஸ்பிரிங் வைப்பது குறித்தும் என் கருத்து ஏறக்குறைய இதுவே. மலிவான ஸ்பிரிங் ஃபோர்க் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எடை இருக்கும். ஸ்பிரிங் இல்லாத சாதாரண ஃபோர்க் பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டியே இருக்கும். நான் முன்பு வைத்திருந்த வண்டியில் இரண்டு மழைக்காலங்களுக்குள் ஃபோர்க்கின் குழாய்களில் துரு ஏறி, எவ்வளவு அழுத்தினாலும் அசையாமல் போயிற்று. அதன் பிறகும் அந்தச் சுமையை நெடுநாள் மேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

ஸ்பிரிங் இல்லாவிட்டால் அதிர்ச்சியை எது தாங்கும் என்று கேட்பீர்கள். டயர்தான். உங்கள் பணமும் கவனமும் முதலில் செல்ல வேண்டிய இடமும் அதுவே. 29 அங்குலச் சக்கரத்தில் 2.25 முதல் 2.4 அங்குல அகலமுள்ள டயரைப் போட்டு, டியூப் இல்லாமல் உள்ளே துளைகளை அடைக்கும் திரவம் ஊற்றி ஓட்டுங்கள். 70 கிலோ எடையுள்ளவருக்கு 20 முதல் 25 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) காற்று பொதுவாகப் போதும். அந்தக் காற்றில், பாதையின் குறுக்கே ஓடும் வேரின் மீது ஏறும்போது கவனியுங்கள்: டயர் வேரின் வடிவத்துக்கு உட்குழிந்து, அதைக் கவ்வியபடி கடந்து செல்லும். 40 பிஎஸ்ஐ அடைத்தால் அதே வேர் முன்சக்கரத்தை மேலே எற்றிவிடும்; நனைந்த வேரானால் பக்கவாட்டில் வழுக்கியும் விடும். டியூப் போட்டே ஓட்டுவதானால் காற்றைச் சற்றுக் கூட்டுங்கள். இல்லையேல் வேருக்கும் ரிம்முக்கும் இடையில் டியூப் நசுங்கிக் கிழியும். ஓரத்தில் இரும்புக் கம்பி வைத்த டயரைவிட மடிக்கக்கூடிய டயர் எடை குறைந்தது. சக்கரத்தின் விளிம்பில் குறையும் எடை ஒவ்வொரு முறை வேகமெடுக்கும்போதும் உதவுவதால், ஃப்ரேமில் 200 கிராம் குறைப்பதைவிட இங்கே 200 கிராம் குறைப்பதையே நான் விரும்புவேன்.

கியரைப் பொறுத்தவரை, முன்னால் பெடல் பக்கத்தில் ஒரே பல்சக்கரம் போதும். முன்னால் 30 பற்கள், பின்னால் மிகப் பெரியதில் 46 பற்கள் என்றால், மிக இலகுவான அந்தக் கியரில் பெடல் ஒரு சுற்றுச் சுற்ற வண்டி ஏறத்தாழ ஒன்றரை மீட்டர்தான் நகரும், அமர்ந்தபடியே மேடேறிவிடலாம். 21 கியர் என்பதில் பல கியர்கள் ஒன்றையொன்று ஒத்தே இருப்பதால் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம். பிரேக் ஹைட்ராலிக் டிஸ்க்காக (திரவ அழுத்தத்தால் இயங்கும் வட்டத் தகட்டு பிரேக்) இருக்கட்டும். ஒற்றை விரலால் நிறுத்த முடிவது நீண்ட இறக்கத்தில் கைக்குப் பெரும் ஆறுதல். ஃப்ரேம் அலுமினியமே போதுமானது. இப்படி அமைந்த வண்டி 11 கிலோவை ஒட்டி வந்தால் நல்ல தேர்வு. ஆனால் எடையைவிட அளவு முக்கியம்: காலை இருபுறமும் ஊன்றி நிற்கும்போது மேல் குழாய்க்கும் உடலுக்கும் இடையே தாராளமான இடைவெளி இல்லாத வண்டியை, எவ்வளவு இலேசாக இருந்தாலும், வாங்காதீர்கள்.

கேள்வி: என்னிடம் ஸ்பிரிங் ஃபோர்க் வைத்த பழைய மௌண்டன் பைக் இருக்கிறது. ஃபோர்க்கை மட்டும் மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: ஃப்ரேம் உங்கள் அளவுக்குப் பொருந்தி, விரிசலின்றி இருந்தால் தாராளமாக மாற்றலாம். கவனிக்க வேண்டியது நீளம். சக்கர அச்சின் மையத்திலிருந்து, ஃபோர்க் ஃப்ரேமைத் தொடும் இடம் வரை அளந்துகொள்ளுங்கள். நீங்கள் ஏறி அமர்ந்ததும் ஸ்பிரிங் சற்று அமுங்குவதால், புதிய ஃபோர்க் அந்த அளவைவிட ஓரிரு சென்டிமீட்டர் குறைவாக இருப்பதே சரி. அதைவிட மிகவும் குட்டையானதைப் பொருத்தினால் முன்பக்கம் தாழ்ந்து, ஹேண்டில்பார் அளவுக்கு மீறித் துடிப்பாகத் திரும்பும். பெடலும் வேர்களில் இடிக்கும். ஃப்ரேமுக்குள் நுழையும் குழாயின் பருமனும், பிரேக் பொருத்தும் முறையும் ஒத்துப்போக வேண்டும் என்பதால், பழைய ஃபோர்க்கைக் கழற்றிக் கடைக்கே எடுத்துச் சென்று, புதியதன் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.