நூற்றில் எத்தனை லாபம்?

கேள்வி: புதிதாக வந்த ஒரு செல்போனைப் பிரித்துப்போட்டு, உள்ளே இருக்கும் பாகங்களின் விலையைக் கூட்டிக் காட்டியிருந்தார்கள். விற்கும் விலையில் பாதிகூட வரவில்லை. மீதி அத்தனையும் கம்பெனிக்கு லாபம்தானே?

பதில்: இல்லை. அந்தப் பட்டியலில் இருப்பது திரை, பேட்டரி, சிப், கேமரா என்று சாமான்களின் விலை மட்டும். வடிவமைத்தவர்களின் சம்பளம், மென்பொருள், சரக்குக் கூலி, வரி, கடைக்காரர் கமிஷன், விளம்பரம், வாரண்டியில் சும்மா மாற்றிக் கொடுத்தவை, விற்காமல் தேங்கித் தள்ளுபடியில் போனவை எதுவும் அதில் வராது. இவ்வளவும் கழிந்து கையில் நிற்பதுதான் நிகர லாபம். ஆப்பிள் நிறுவனத்துக்கு அண்மை ஆண்டுகளில் 100-க்கு விற்றால் ஏறத்தாழ 25 நின்றிருக்கிறது. இது பெரிய லாபம்தான், மறுக்கவில்லை. வால்மார்ட், காஸ்ட்கோ போன்ற பெரிய சில்லறை விற்பனை நிறுவனங்களுக்கு அதே 100-ல் நிற்பது 2, 3 தான். அதற்காக இவர்களை மகான்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சரக்கு வருடத்தில் பல தடவை கைமாறுவதால் சில்லறையாகச் சேர்ந்தே மலையாகிவிடும்.

சதவீதத்திலும் ஒரு குழப்பம் உண்டு. 100-க்கு வாங்கி 150-க்கு விற்றால், வாங்கிய விலைமேல் 50 சதவீதம். விற்ற விலையில் பார்த்தால் 33 தான். இரண்டுமே சரியான கணக்கு. அதனால் ‘50 சதவீத லாபம்’ என்று செய்தி வந்தால் எதன்மேல் என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: தேவை கூடும்போது விலையைக் கூட்டுவதுதான் வியாபாரம், அதில் தப்பில்லை என்கிறார் என் மைத்துனர். எனக்கு அது கொள்ளையாகத்தான் படுகிறது. யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் பக்கம்தான் ஆள்பலம் அதிகம். டேனியல் கானமன், ரிச்சர்ட் தேலர் உள்ளிட்ட மூவர் 1986-ல் வெளியிட்ட ஆய்வுக்காகக் கனடாவில் பொதுமக்களிடம் இப்படிக் கேட்டார்கள்: பனி அள்ளும் மண்வெட்டியை 15 டாலருக்கு விற்றுவந்த கடை, பனிப்புயல் அடித்த மறுநாள் காலை அதை 20 டாலர் ஆக்குகிறது, இது நியாயமா? 82 சதவீதம் பேர் அநியாயம் என்றார்கள். அதே ஆய்வில், கொள்முதல் விலை ஏறியதால் கடைக்காரரும் ஏற்றினார் என்றபோது பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆக, ஜனங்களுக்கு லாபத்தின்மேல் கோபம் இல்லை. நம் அவசரத்தைப் பார்த்துக் கைவைப்பதன்மேல்தான்.

மைத்துனர் பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. பழைய விலையிலேயே வைத்தால் முதலில் வந்தவர் நாலு வாங்கிப் போவார், கடைசியில் வந்தவருக்கு ஒன்றும் மிஞ்சாது. நான் பார்ப்பது வேறு: வாங்குகிறவர் அதைத் தள்ளிப்போட முடியுமா, வேறு இடத்தில் வாங்க முடியுமா? 2015-ல் அமெரிக்காவில் டாராப்ரிம் என்ற மருந்தின் உரிமையை டூரிங் என்ற நிறுவனம் வாங்கியது. 13.50 டாலராக இருந்த ஒரு மாத்திரை 750 டாலர் ஆனது. மாத்திரை அதேதான், பல பத்தாண்டுகளாக விற்றுவந்த பழைய மருந்து. நோயாளிக்கு அப்போது அங்கே அதை விற்க வேறு ஆளும் இருக்கவில்லை. இதைக் கொள்ளை என்று சொல்ல எனக்கு ஆய்வு எதுவும் தேவையில்லை.

கேள்வி: பிரிண்டர் மலிவாகக் கிடைத்தது. மை தீர்ந்து கேட்ரிட்ஜ் விலையை விசாரித்தால் இன்னொரு பிரிண்டரே வாங்கிவிடலாம் போலிருக்கிறது. இது ஏமாற்று இல்லையா?

பதில்: பிரிண்டரில் விட்டதை மையில் பிடிப்பது அந்தத் தொழிலின் பழைய வழி. என் வீட்டில் ஒன்று இருக்கிறது. வேறு கம்பெனி மையைப் போட்டதும், ஏற்க முடியாது என்று திரையில் காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது. கேட்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் சின்ன சிப் செய்யும் வேலை அது. ஒரு முறை விற்றுவிட்ட கேட்ரிட்ஜில் மறுபடி மை நிரப்பி விற்பவரைக் காப்புரிமையைக் காட்டித் தடுக்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017-ல் லெக்ஸ்மார்க் என்ற பிரிண்டர் கம்பெனியின் வழக்கில் சொல்லிவிட்டது. ஆனாலும் சிப் போகவில்லை.

அடுத்த முறை பிரிண்டர் விலையை விட்டுவிடுங்கள். கேட்ரிட்ஜ் விலையை அது எத்தனை பக்கம் அச்சிடும் என்பதால் வகுத்துப் பாருங்கள், பக்க எண்ணிக்கை பெரும்பாலும் பெட்டியிலேயே இருக்கும். பிரிண்டரோடு வரும் முதல் கேட்ரிட்ஜ் பல சமயம் அரைகுறையாக நிரப்பியதுதான், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எப்போதாவது நாலு பக்கம் எடுப்பவர் என்றால் லேசர் பிரிண்டர் வாங்குங்கள். அதில் மைக்குப் பதிலாக இருக்கும் டோனர் வெறும் பொடிதான், மை போலக் காய்ந்துபோகாது.