கைப்பேசியில் பூசை, கட்டிலில் மாமியார்

கேள்வி: 2020-இல் கோயிலைப் பூட்டியபோது எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கு இளைஞர்கள் கைப்பேசி வழியாக யூடியூபில் திருப்பலியை, அதாவது பூசையை, ஒளிபரப்பத் தொடங்கினார்கள். கோயில் திறந்த பிறகும் அது தொடர்கிறது. விசைப்படகில் தொழிலுக்குப் போய் ஞாயிறு காலை கரை திரும்பும் என் கணவர், பாயில் படுத்துக்கொண்டே பூசை பார்க்கிறார். குவைத்தில் இருக்கும் தம்பியும் பார்க்கிறான். படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கும் அதுதான் பூசை. முன்பு முதல் வெள்ளிதோறும் அவருக்கு நற்கருணை (பூசையில் அர்ச்சிக்கப்பட்ட அப்பம்) வீடு தேடி வரும், கொரோனாவில் நின்றது. ஒளிபரப்பால் கோயிலில் ஆண்கள் குறைகிறார்கள், நிறுத்துங்கள் என்று பங்குப் பேரவையில் ஒரே சண்டை. உறுப்பினரான நான் எந்தப் பக்கம் நிற்பது?

– ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: அன்புச் சகோதரி,

ஒளிபரப்பு தொடரட்டும் என்ற பக்கம் நில்லுங்கள். ஆனால் பேரவையில் நீங்கள் போட வேண்டிய சண்டை வேறு. அரை வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்களே, முதல் வெள்ளி நற்கருணை, அதற்காகத்தான் சண்டை போட வேண்டும். தொற்றுக் காலத்தில் நின்றுபோன திருப்பலி திரும்பிவிட்டது. பாடகர் குழு திரும்பிவிட்டது. சப்பரமும் வாணவேடிக்கையும்கூடத் திரும்பியிருக்கும். கட்டிலில் கிடப்பவரைத் தேடிப் போவது மட்டும் திரும்பவில்லை. அதற்காக ஒருவரும் குரல் உயர்த்தவும் இல்லை. கைப்பேசிதான் இருக்கிறதே என்ற நினைப்பு எல்லோருக்கும் வசதியாகப் போய்விட்டது. உங்களுக்கும்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை என்பது உண்மை. 2020 மார்ச் 25-இல் நாடு முடங்கியது. ஏப்ரல் 5 குருத்து ஞாயிறு, 12 உயிர்ப்பு ஞாயிறு. தெருவில் குருத்தோலைப் பவனி இல்லை. புனித வியாழன் பாதம் கழுவும் சடங்கை விட்டுவிடும்படி வத்திக்கானே சொல்லிவிட்டது. ஆளில்லாத கோயிலில் பங்குத்தந்தை ஒரு கைப்பேசியைப் பார்த்து "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்பார்; வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து நாம் பதில் சொல்வோம். நற்கருணையை உயர்த்தும் நேரம் பார்த்து யாராவது அந்த எண்ணுக்கு அழைப்பார்கள், படம் நின்றுவிடும். அதையும் பொறுத்துக்கொண்டோம்.

இப்படிப் பார்ப்பது யாருக்காக என்பதில் திருச்சபைக்குக் குழப்பமே இல்லை. அசிசி நகரத்துப் புனித கிளாரா நோயில் கிடந்தபோது, கிறிஸ்து பிறப்பு இரவுத் திருப்பலியைத் தம் அறையில் இருந்தபடியே கண்டார் என்பது மரபு. அதனால்தான் திருத்தந்தை 12-ஆம் பயஸ் 1958-இல் அவரைத் தொலைக்காட்சிக்குப் பாதுகாவலராக அறிவித்தார். 2020 செப்டம்பரில் வெளியான கடிதத்தில் வத்திக்கானின் கர்தினால் ராபர்ட் சாராவும் இதையே சொன்னார்: வர முடியாதவர்களுக்கு ஒளிபரப்பு பெரிய உதவி, ஆனால் நேரில் பங்கேற்பதற்கு அது ஈடாகாது.

உங்கள் மாமியார் கிளாராவின் கணக்கில் வருவார். கணவர் வரமாட்டார்! ஆனாலும் அவரைத் திட்டுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். சனிக்கிழமை கடலுக்குப் போன விசைப்படகு ஞாயிறு காலைதான் திரும்புகிறது. மீனைத் தரம் பிரித்து, எடை போட்டு, கணக்கு முடித்து வீடு வந்தவரை, உப்புக்காற்றில் எரியும் கண்ணோடு உடனே பூசைக்கு வா என்றால் எப்படி? யூடியூப் வருவதற்கு முன்னால் அந்த நேரத்துப் பூசையில் படகுக்காரர்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று பேரவைப் பெரியவர்களிடமே கேளுங்கள். சனி மாலைத் திருப்பலியும் ஞாயிறு பூசை காணும் கடமைக்குச் சேரும் என்கிறது திருச்சபைச் சட்டம். அந்த நேரத்தில் இவர்கள் நடுக்கடலில் இருப்பதால் பயனில்லை. இவர்களுக்கு வேண்டியது ஞாயிறு மாலைத் திருப்பலி. அதைப் பங்குத்தந்தையிடம் எழுதிக் கேளுங்கள், படகுக்காரர் வீட்டுப் பெண்கள் எல்லோருமாகக் கையெழுத்துப் போட்டு.

கணவர் விஷயத்தில் சந்தேகம் இருந்தால் மீன்பிடித் தடைக்காலம் வரட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், எட்டு ஒன்பது ஞாயிறுகள், அவர் கரையில்தான் இருப்பார். அப்போதும் பாயை விட்டு எழவில்லை என்றால் பழியைக் கைப்பேசி மேல் போடாதீர்கள்.

தம்பியை இந்த வழக்கில் இழுக்கவே வேண்டாம். குவைத்தில் ஞாயிறு வேலை நாள். ஞாயிறு திருப்பலியை வெள்ளிக்கிழமையே வைத்துவிடுகிறார்கள். அவன் ஊர்க் கோயிலைப் பார்க்கிறான், அம்மா எந்தத் தூண் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள் என்று தேடுகிறான். பார்த்துவிட்டுப் போகட்டும்.

திரையில் பார்த்துப் பழகிய சனம் கோயிலை மறந்துவிடும் என்று பேரவையில் யாராவது சொன்னால், கச்சத்தீவைக் கேளுங்கள். 2021-இல் அந்தோணியார் திருவிழாவுக்கு நம் கரையிலிருந்து பக்தர்கள் போக முடியவில்லை. 2022-இல் கொஞ்சம் பேருக்குத்தான் அனுமதி கிடைத்தது. வழி திறந்ததும் ராமேசுவரத்தில் பெயர் கொடுத்துப் படகேறியவர்கள் நம் சனம்தானே?

இனி மாமியார். ஒவ்வொரு அன்பியமும் (பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழு) தன் தெருவில் படுக்கையில் இருப்பவர்களின் பட்டியலை எழுதிப் பங்குத்தந்தையிடம் கொடுக்கட்டும். ஒருவரால் எல்லா வீட்டுக்கும் போக முடியாது என்பார், நியாயம்தான். மறைமாவட்ட அனுமதியோடு, பயிற்சி பெற்ற அருட்சகோதரிகளும், குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினரும் வீடுகளுக்கு நற்கருணை கொண்டுபோகலாம். ஆயருக்கு எழுதி அந்த அனுமதியைப் பெறுவதைப் பேரவைத் தீர்மானமாகவே போடுங்கள். கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு பூசை முழுக்க சிக்னலையும் சார்ஜையும் பார்த்தபடி நிற்கிற பையன்களையும் முறை வைத்து மாற்றுங்கள், பாவம். ஓய்ந்த வாரத்தில் அவர்களை அந்த வீடுகளுக்குத் துணையாக அனுப்பலாம்.

நற்கருணை வரும் நாளில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் தொங்கும் இயேசு உருவம்), மெழுகுவத்தி, ஒரு டம்ளர் தண்ணீர் போதும். வருகிற நேரம் தெரியவில்லை என்று காலையிலிருந்து மாமியாரைப் பட்டினி போட்டுவிடாதீர்கள். ஒரு மணி நேர நோன்பு விதி முதியோருக்கும் நோயாளிகளுக்கும் கட்டாயமில்லை. காப்பி குடித்திருந்தாலும் அவர் நற்கருணை வாங்கலாம்.